பிடிஎஸ்டியில் மூளையின் ரசாயன மாற்றம் ஸ்கேனில் தெரியுமா?

கேள்வி சுருக்கமாக இது: சாலை விபத்துக்குப் பிறகு கணவருக்கு பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். "மூளையில கெமிக்கல் மாறியிருக்கு" என்றும் சொன்னாராம். அந்த மாற்றத்தை ஸ்கேனில் பார்க்க முடியுமா, எந்த ஸ்கேன், அதைக் காட்டினால் "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்கிற வீட்டுப் பெரியவர்கள் நம்புவார்களா?

பார்க்க முடியும். ஆனால் உங்கள் கணவர் ஒருவருக்கு மட்டும் எடுத்து, இந்த ரசாயனம் இவ்வளவு குறைந்திருக்கிறது, அதனால் இவருக்கு பிடிஎஸ்டி என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் ஸ்கேன் இன்னும் வரவில்லை. நோய் இருப்பவர்கள் இருபது பேர், இல்லாதவர்கள் இருபது பேர் என்று இரண்டு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, இரண்டின் சராசரிக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் செய்வது. சராசரியில் தெளிவான வித்தியாசம் வரும்போதுகூட தனித்தனி ஆட்களின் எண்கள் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும்; நன்றாக இருக்கும் ஒருவருடைய எண் நோயாளிகளின் சராசரியைவிட மோசமாக இருப்பது சாதாரணம். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மூன்றாவது டிஎஸ்எம் கையேட்டில் (மனநோய்களை வரையறுக்கும் கையேடு அது) இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததிலிருந்து இன்றுவரை, நோயாளியிடம் உட்கார்ந்து பேசி, அறிகுறிகளைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வரையறையில் ஸ்கேனுக்கு இடமே கிடையாது.

நான் எம்ஆர்ஐ இயற்பியல் பக்கம் வேலை பார்த்தவன், மருத்துவன் அல்ல. அதனால் சிகிச்சையைப் பற்றிக் குறைவாகவும், கருவி எதைப் பார்க்கிறது எதைப் பார்ப்பதில்லை என்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவும் சொல்கிறேன். குழப்பம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எவையெல்லாம் ரசாயனத்தைக் காட்டாது என்று பார்த்துவிடலாம். சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் தண்ணீரின் ஹைட்ரஜனைப் பார்க்கிறது, அதிலிருந்து மூளையின் வடிவமும் அளவும் கிடைக்கும், அவ்வளவுதான். பத்திரிகைகளில் மூளையின் ஒரு பகுதி சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றி எரிவதுபோல் போடுவார்களே, அது எஃப்எம்ஆர்ஐ. அது காட்டுவது ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதை, செரோடோனின் போன்ற மூளை ரசாயனம் எதையும் அல்ல. அப்புறம், நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் "பெட் ஸ்கேன்" என்று கேட்டால் எடுப்பது பெரும்பாலும் எஃப்டிஜி பெட், புற்றுநோய்க்காக எடுப்பது. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் எங்கே அதிகம் செலவாகிறது என்று அது சொல்லும். மூளைக்கு எடுத்தாலும் குளுக்கோஸ் கணக்குதான் வரும், நரம்புகளுக்கு இடையில் ஓடுகிற ரசாயனங்களின் கணக்கு வராது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை எடுத்துவிட்டு "கெமிக்கல் நார்மலாக இருக்கிறது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ரசாயனத்தையே பார்க்கும் வழிகள் இரண்டு. ஒன்று எம்ஆர்எஸ், அதாவது எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி. இன்னொன்று தனித்தனி ட்ரேசர்களை (கதிரியக்க அணு கட்டி ஊசியில் ஏற்றும் பொருள்களை) வைத்துச் செய்யும் பெட், அதன் தம்பியான ஸ்பெக்ட். இரண்டும் பார்ப்பது வேறுவேறு விஷயங்களை.

எம்ஆர்எஸ்ஸுக்கு ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, அதே எம்ஆர்ஐ இயந்திரம்தான். ஒரு மூலக்கூறில் ஹைட்ரஜன் எந்த அணுக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஒலிக்கும் அதிர்வெண் துளி மாறும். அந்தத் துளி வித்தியாசத்தைப் பிரித்தெடுத்தால் படத்துக்குப் பதிலாக ஒரு கோட்டு வரைபடம் வரும். அதில் ஒவ்வொரு சிகரமும் ஒரு பொருள். 2.02 பிபிஎம்மில் (அந்தத் துளி வித்தியாசத்தை அளக்கும் அலகு இது) நிற்பது என்ஏஏ, 3.03-ல் கிரியாட்டின், 3.2-ல் கோலின். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் தண்ணீரின் சிக்னல் இவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது, முதலில் அதை அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகும் மிஞ்சும் சிக்னல் பலவீனமானது என்பதால் மூளையின் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து எடுக்க முடியாது. பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர், காபா (மூளையை அடக்கும் ஒரு ரசாயனம், பிறகு வருகிறேன்) போன்ற பொருள் என்றால் மூன்று சென்டிமீட்டர் உள்ள ஒரு கட்டத்தை எடுத்து, அதற்குள் இருக்கும் எல்லாவற்றின் சராசரியைத்தான் பெற முடிகிறது. பயத்தின் மையம் என்று எல்லாரும் பேசுகிற அமிக்டலா அந்தக் கட்டத்தில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

என்ஏஏ என்பது நரம்பணுக்களுக்குள், அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாகும் பொருள். அது குறைந்தால் நரம்பணுக்கள் குறைந்திருக்கலாம், அல்லது இருக்கிற அணுக்கள் சோர்ந்திருக்கலாம். பிடிஎஸ்டியில் எம்ஆர்எஸ் எடுத்த ஆரம்பகால ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது, சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நார்பர்ட் ஷுஃப் குழு செய்து 2001-ல் வெளியிட்டது. போரால் பிடிஎஸ்டி வந்த 18 ஆண்கள், ஒப்பிட 19 பேர். ஹிப்போகேம்பஸ் என்கிற, நினைவுக்கு முக்கியமான பகுதியில் என்ஏஏ இரண்டு பக்கமும் சுமார் 23 சதவீதம் குறைவாக இருந்தது. சுவாரசியம் எங்கே என்றால், அதே ஆட்களில் ஹிப்போகேம்பஸின் அளவு சொல்லிக்கொள்ளும்படி சுருங்கியிருக்கவில்லை. அதாவது சாதாரண எம்ஆர்ஐ எடுத்திருந்தால் "ஒன்றும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்திருக்கும். வடிவம் மாறாமல் உள்ளே ரசாயனம் மாறியிருக்கலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஹிப்போகேம்பஸில் எம்ஆர்எஸ் எடுப்பது தொல்லை பிடித்த வேலை என்பதையும் சொல்ல வேண்டும். காற்று நிரம்பிய எலும்புப் பொந்துகள் பக்கத்திலேயே இருப்பதால் காந்தப்புலம் அங்கே சீராக நிற்காது, சிகரங்கள் பரந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சரி, குறைந்திருக்கிறது. ஆனால் அதிர்ச்சி குறைத்ததா, முதலிலிருந்தே குறைவாக இருந்தவர்களுக்கு நோய் வந்ததா? ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லாரும் நோய் வந்த பிறகு வந்தவர்கள், முன்பு எப்படி இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்ததில் மிக அழகான பதில் ரசாயனத்தைப் பற்றியது அல்ல, அளவைப் பற்றியது. 2002-ல் மார்க் கில்பர்ட்சன் குழு ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களை எடுத்தது. ஒருவர் வியட்நாம் போருக்குப் போனவர், இன்னொருவர் போகாதவர். போருக்குப் போய் கடுமையான பிடிஎஸ்டியோடு வந்தவரின் ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். போருக்கே போகாத, நோயும் இல்லாத அவருடைய இரட்டைச் சகோதரருக்கும் சிறியதாகவே இருந்தது. அந்தக் கூட்டத்தில் சிறிய ஹிப்போகேம்பஸ் நோயின் விளைவு என்பதைவிட, நோய் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டிய காரணம் என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. இந்த ஒரு ஆய்வைப் படித்த பிறகு, "அதிர்ச்சி மூளையை இப்படி மாற்றிவிட்டது" என்று யாராவது உறுதியாக எழுதினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

காபாவுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் மருத்துவர் "கெமிக்கல்" என்று சொன்னபோது மனதில் வைத்திருந்தவற்றில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். மூளையின் முக்கியமான அடக்கும் ரசாயனம் இது. குளுட்டமேட் தூண்டும், காபா அடக்கும். எப்போதும் உஷாராக, தூக்கம் வராமல், சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடுகிற ஒருவருக்குக் காபா குறைவாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அளப்பதில்தான் வினை. அதன் சிகரங்களில் ஒன்று 3.0 பிபிஎம்மில், சரியாகக் கிரியாட்டினின் பெரிய சிகரத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைத் தோண்டி எடுக்க 'மெகா-பிரஸ்' என்று ஒரு முறை உண்டு: 1.9 பிபிஎம்மில் இருக்கும் காபாவின் இன்னொரு பகுதியை ஒரு துடிப்பால் தட்டினால், அதோடு பிணைந்திருக்கும் 3.0 சிகரத்தின் தோற்றம் மாறும், கிரியாட்டின் மாறாது. தட்டி ஒருமுறை, தட்டாமல் ஒருமுறை என்று மாறிமாறி எடுத்துக் கழித்தால் கிரியாட்டின் மறைந்து காபா மட்டும் நிற்கும். மட்டும் என்று சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. பெரிய புரத மூலக்கூறுகளின் சிக்னலும் கூடவே வந்துவிடும், பல ஆய்வுகளில் அது கிடைத்த சிக்னலில் பாதியைத் தொடும். இத்தனைக்கும் ஆள் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தலையை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும், குறுகிய குழாய்க்குள், இயந்திரம் போடும் தடதட சத்தத்தில். திடீர் சத்தத்துக்கு அதிர்வதே நோயாக இருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தலை ஆடினால் கழித்தல் கணக்கு கெட்டுவிடும், தலை அதிகம் ஆடப்போவது நோயாளிகள் பக்கம்தான்.

முடிவுகள் எப்படி வந்தன? சான் பிரான்சிஸ்கோவிலிருந்தே 2014-ல் மேயர்ஹாஃப் குழு, பிடிஎஸ்டி உள்ளவர்களின் மூளைப் புறணியில் காபா குறைவாகவும், ஒரு பகுதியில் குளுட்டமேட் கூடுதலாகவும் இருப்பதாகச் சொன்னது. தூக்கம் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குக் காபா குறைவு என்றும் கண்டது. அதே ஆண்டில் பாஸ்டன் பக்கத்து மக்லீன் மருத்துவமனையில் இசபெல் ரோசோ குழு, இன்சுலா என்ற பகுதியில் காபா குறைவு என்றது. இரண்டும் ஒத்துப்போகின்றன, நல்லது. அதே 2014-ல் சூரிச்சிலிருந்து வந்த இன்னொரு சிறிய ஆய்வு, முன்மூளையில் காபா கூடுதலாக இருக்கிறது என்றது! இடம் வேறு, ஆட்கள் வேறு என்று சமாதானம் சொல்லலாம், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் தனி ஒருவரின் காபா எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எம்ஆர்எஸ் அளப்பது அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் மொத்தக் காபாவை. அதில் எவ்வளவு நரம்பணுக்களின் இடைவெளியில் உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கிறது, எவ்வளவு அணுக்களுக்குள் சும்மா சேமிப்பில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இனி பெட். இதில் ரசாயனத்தின் அளவை நேராக எண்ணுவதில்லை, அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை, அதாவது ரிசெப்டர்களை எண்ணுகிறோம். குறிப்பிட்ட ஒரு ஏற்பியில் மட்டும் ஒட்டும் ஒரு மருந்தை எடுத்து, அதில் கார்பன்-11 அல்லது ஃபுளோரின்-18 அணுவை வைத்துக் கட்டி, மிகச் சிறிய அளவில் ஊசியில் செலுத்துவார்கள். அந்த அணு பாசிட்ரானை வெளியிடும், அது எலக்ட்ரானோடு மோதி அழிந்து எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் பறக்கும், சுற்றியிருக்கும் வளையம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து எங்கிருந்து வந்தன என்று கணக்குப் போடும். கார்பன்-11-க்கு அரை ஆயுள் 20 நிமிடம்தான். சைக்ளோட்ரான் என்கிற துகள் முடுக்கியில் உண்டாக்கி, வேதியியல் கூடத்தில் மருந்தாகக் கட்டி, தரம் பார்த்து, நோயாளியின் கைக்குக் கொண்டுவருவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். எனவே சைக்ளோட்ரான் அதே வளாகத்தில் இருந்தாக வேண்டும். ஃபுளோரின்-18 என்றால் 110 நிமிடம், கொஞ்சம் மூச்சுவிடலாம். இந்த ஆய்வுகள் யேல், மிச்சிகன், நியூயார்க் என்று அமெரிக்காவின் சில பெரிய பல்கலைக்கழகங்களிலேயே திரும்பத் திரும்ப நடப்பதற்கும், ஒவ்வொன்றிலும் இருபது முப்பது பேருக்கு மேல் இல்லாததற்கும் இதுவே முக்கியக் காரணம்.

பெட் தரும் எண்ணைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரேசர் என்பது கடைசி ஸ்டாப்பில் பஸ் ஏறும் பயணி மாதிரி, காலியாக இருக்கிற சீட்டில்தான் உட்காரும், ஸ்கேன் எண்ணுவதும் அந்தப் பயணிகளை மட்டும்தான். நிறையப் பேருக்கு இடம் கிடைத்தால் அது பெரிய பஸ் என்றும் இருக்கலாம், முன் ஸ்டாப்புகளில் ஏற வேண்டியவர்கள் ஏறவில்லை என்றும் இருக்கலாம். ஸ்கேன் மட்டும் இதைப் பிரித்துச் சொல்லாது.

இதற்குச் சரியான உதாரணம் கஞ்சாவின் பொருளும் போய் ஒட்டுகிற சிபி1 ஏற்பி. நம் உடலே அதற்கான பொருள்களைச் செய்கிறது, அவற்றில் ஒன்று அனந்தமைடு. 2013-ல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று, பிடிஎஸ்டி உள்ளவர்களின் மூளையில் சிபி1 ட்ரேசர் ஒட்டுவது ஆரோக்கியமானவர்களைவிடச் சுமார் 19.5 சதவீதம் அதிகம் என்று கண்டது. ரத்தத்தில் அனந்தமைடு பார்த்தால் அது பாதிக்கும் கீழே. சீட் கூடியதா, பயணி குறைந்ததா? அந்தக் குழு சொன்ன விளக்கம், அனந்தமைடு குறைந்ததால் அதை ஈடுகட்ட மூளை ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டது என்பது. நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, அனந்தமைடு உடைவதைத் தடுத்து அதன் அளவைக் கூட்டினால் நோய் குறையுமே என்று அந்த வழியில் ஒரு மருந்தை, ஜேஇசட்பி150 என்று பெயர், ஜாஸ் நிறுவனம் பிடிஎஸ்டி நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. முக்கிய இலக்கை அது எட்டவில்லை என்று 2023-ல் அறிவித்தார்கள். ஸ்கேன் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு ரசாயனம் மாறியிருக்கிறது என்பதும், அதைத் திருப்பி வைத்தால் நோய் சரியாகும் என்பதும் வேறு வேறு.

ஆளை உஷார்படுத்தும் ரசாயனமான நார்அட்ரினலினின் கதை இதைவிடப் பழையது, ஸ்கேனுக்கு முன்பே தொடங்கியது. 1993-ல் ஸ்டீவன் சவுத்விக் குழு வியட்நாம் போர்வீரர்களுக்கு யோஹிம்பின் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தது. நார்அட்ரினலின் சுரப்புக்கு மூளையே போட்டிருக்கும் பிரேக்கை அது கழற்றிவிடும். பிடிஎஸ்டி இருந்த 20 பேரில் 14 பேருக்குப் பீதித் தாக்குதல், 8 பேருக்குப் போர்க்களம் கண்முன் திரும்ப வந்தது. இன்று இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கணம் மூளையில் என்ன நடக்கிறது என்று 1997-ல் டக்ளஸ் பிரெம்னர் எஃப்டிஜி பெட் வைத்துப் பார்த்தார். பிறகு 2013-ல் யேலில் ராபர்ட் பீட்ர்சாக்கும் மற்றவர்களும், நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் கடத்தியை நேரடியாகப் பெட்டில் அளந்தார்கள். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு நீலநிறப் புள்ளி இருக்கிறது, மூளைக்கு நார்அட்ரினலின் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு அங்கே இந்தக் கடத்தி 41 சதவீதம் குறைவு. உறிஞ்சும் கடத்தி குறைவு என்றால் வெளியே வந்த நார்அட்ரினலின் அதிக நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், ஆள் எப்போதும் உஷாராகவே இருப்பான்; உங்கள் கணவர் லாரி ஹாரன் கேட்டால் உடம்பெல்லாம் நடுங்குகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இது பொருந்துகிற விளக்கம். ஆனால் அந்தப் புள்ளி சில மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை, பெட்டின் தெளிவும் சில மில்லிமீட்டர்தான். 41 என்ற எண்ணை நான் அப்படியே பிடித்துத் தொங்கமாட்டேன், திசையை நம்புவேன். மருந்துப் பக்கம் பார்த்தால் இங்கேயும் அதே கதை. நார்அட்ரினலினின் ஒரு ஏற்பியை அடைக்கும் பிரசோசின் கெட்ட கனவுகளைக் குறைப்பதாகச் சிறிய சோதனைகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2018-ல் 304 படைவீரர்களிடம் செய்த பெரிய சோதனையில் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது மேலானதாக வரவில்லை. இன்றும் சில மருத்துவர்கள் கனவுகளுக்கு அதை எழுதுகிறார்கள், சிலருக்கு உதவவும் செய்கிறது, அது வேறு விஷயம்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆய்வைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதை. நோயாளியை, வாழ்க்கையில் பெரிய அதிர்ச்சி எதையும் பார்க்காத ஒருவரோடு ஒப்பிட்டால், கிடைக்கும் வித்தியாசம் அதிர்ச்சியால் வந்ததா, நோயால் வந்ததா என்று தெரியாது. அதே போர், அதே விபத்து, அதே சுனாமியைப் பார்த்துவிட்டு நோய் வராமல் இருப்பவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களையும் மூன்றாவது கூட்டமாகச் சேர்க்க வேண்டும். இஸ்ரேல் லிபர்ஸான் என்பவரின் குழு மிச்சிகனில் 2007-ல் அப்படிச் செய்தது, உடலின் சொந்த வலிநிவாரணியான ஓபியாய்டுகளின் மியூ ஏற்பியை வைத்து. மூன்று கூட்டம்: போருக்குப் போய் பிடிஎஸ்டி வந்தவர்கள், போருக்குப் போய் வராதவர்கள், போகாதவர்கள். பல பகுதிகளில் ஏற்பி ஒட்டுதல் குறைந்திருந்தது, ஆனால் போருக்குப் போன இரண்டு கூட்டத்துக்குமே குறைந்திருந்தது! போருக்குப் போயும் நோய் வராதவர்களை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் ஒப்பிட்டிருந்தால் "பிடிஎஸ்டியின் ரசாயனத் தடயம்" என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். நோயோடு மட்டும் சேர்ந்து வந்த வித்தியாசம் முன்மூளையின் சிங்குலேட் பகுதியில் இருந்தது. அமிக்டலாவில் இன்னும் விசித்திரம்: போருக்குப் போயும் நோய் வராதவர்களுக்குத்தான் அங்கே ஒட்டுதல் குறைவாக இருந்தது. பஸ் கணக்கில் படித்தால், அவர்களுக்கு உள்ளே சொந்த ஓபியாய்டு அதிகம் சுரந்து சீட்டுகளை நிரப்பிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அது நோயின் தடயமே அல்ல, தாங்கிக்கொண்டதன் தடயம்.

எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கிய இன்னொரு முடிவு அழற்சி பற்றியது. பிடிஎஸ்டி உள்ளவர்களின் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் கூடியிருக்கும் என்பது பலமுறை பார்த்தது. அதனால் மூளையிலும் நோய் எதிர்ப்பு அணுக்கள் கொதித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தார்கள். அதைக் காட்டும் டிஎஸ்பிஓ என்ற குறியை 2020-ல் யேல் குழு அளந்தபோது பிடிஎஸ்டியில் அது குறைவாக இருந்தது, அறிகுறிகள் கடுமையானால் இன்னும் குறைவு. இந்த மாதிரி முடிவுகளுக்காகவே இந்தத் துறை எனக்குப் பிடிக்கும்.

முரண்பாடுகளையும் மறைக்கக் கூடாது. காபாவின் ஏற்பியில், பென்சோடயசெபின் என்கிற தூக்க, பதற்ற மருந்துகள் ஒட்டும் இடத்தை 2000-ல் பிரெம்னர் ஸ்பெக்ட்டில் பார்த்து, வியட்நாம் வீரர்களின் முன்மூளையில் குறைவு என்றார். 2004-ல் வளைகுடாப் போர் வீரர்களிடம் ஃபுஜிதா குழு பார்த்தபோது வித்தியாசமே இல்லை. 2008-ல் நெதர்லாந்து வீரர்களிடம் பெட்டில் பார்த்தபோது மறுபடி குறைவு. செரோடோனின் ஏற்பிகளில் ஒன்றான 1ஏ-யிலும் இதே ஊசலாட்டம்: ஒரு குழுவுக்கு மாற்றமில்லை, இன்னொன்றுக்குக் கூடுதல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆட்கள் குறைவு, பிடிஎஸ்டி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்திருக்கும், பலருக்குக் குடிப்பழக்கமோ பழைய தலைக்காயமோ உண்டு, இவை ஒவ்வொன்றும் இதே ரசாயனங்களை மாற்றும். இதில் பெரும்பகுதி அமெரிக்க ஆண் படைவீரர்களிடம் எடுத்த எண்கள் வேறு. சாவ் பாவ்லோவில் நகர வன்முறைக்கு ஆளானவர்களிடம் டோபமின் கடத்தியை அளந்த பிரேசில் ஆய்வு போன்றவை விதிவிலக்குகள். ஆம்பூர் பக்கத்தில் நெடுஞ்சாலை விபத்தில் சிக்கிய ஒருவருக்கு இவை எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி.

அப்படியானால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். மருந்து செய்பவர்களுக்கு இது கண்ணாடி. ஒரு மருந்து மூளைக்குள் போய்ச் சேர்கிறதா, எத்தனை சதவீத இலக்கைப் பிடிக்கிறது என்று பெட் காட்டிவிடும். டொராண்டோவில் ஜெஃப்ரி மேயர் குழு, வழக்கமாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ (செரோடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்து வகை) மாத்திரை அளவுகள் செரோடோனின் கடத்தியில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்று காட்டியது அப்படித்தான். குளுட்டமேட்டின் எம்குளுஆர்5 ஏற்பி பிடிஎஸ்டியில் கூடியிருப்பதாக 2017-லும், தற்கொலை எண்ணம் இருப்பவர்களிடம் அது இன்னும் கூடியிருப்பதாக 2019-லும் யேல் ஆய்வுகள் சொன்னதால் அதைக் குறிவைக்கலாமா என்ற யோசனை வந்திருக்கிறது. யோசனைதான், மருந்தகத்தில் கிடைக்கும் மருந்து எதுவும் இல்லை.

ஸ்கேன் முடிவிலிருந்து நேராக மருந்துக்குத் தாவுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்குப் பென்சோடயசெபின்களே போதும். காபா குறைவு, ஏற்பி குறைவு என்று படித்தவுடன், காபாவின் வேலையைக் கூட்டும் அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை சரியான மருந்து என்று தோன்றும். அமெரிக்கப் படைவீரர் துறையின் சிகிச்சை வழிகாட்டுதல் பிடிஎஸ்டிக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது: பலன் தெரியவில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு. மாறாக, அதிர்ச்சியை நேராக எடுத்துப் பேசும் உளவியல் சிகிச்சைகளுக்கும், செர்ட்ராலின், பராக்சிடின் போன்ற மருந்துகளுக்கும் ஆதாரம் இருக்கிறது. அவற்றை யாரும் ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விபத்தில் தலையில் அடிபட்டிருந்தால், தலைவலி, வாந்தி, மறதி, வலிப்பு என்று ஏதாவது இருந்தால், சாதாரண சிடி அல்லது எம்ஆர்ஐ அவசியம். ரத்தக்கசிவு, காயம் இருக்கிறதா என்று பார்க்க. அதை மருத்துவர் சொன்னால் தயங்காமல் எடுங்கள். "கெமிக்கல்" பார்க்க என்று யாராவது பேக்கேஜ் விற்றால் வேண்டாம். பெரியவர்களிடம் காட்ட என்று எடுப்பது இன்னும் ஆபத்து, ஏனென்றால் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றுதான் பெரும்பாலும் வரும், அப்புறம் அந்தக் காகிதமே உங்கள் கணவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். அதைவிட அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையோ அண்ணனையோ கூடவே கூட்டிப்போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் எந்தப் படத்தைவிடவும் எடுபடும்.

எங்காவது ஆராய்ச்சிக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து போக விரும்பினால் தாராளமாகப் போகலாம். எம்ஆர்எஸ் என்றால் உடம்பில் உலோகத் தகடு, ஸ்க்ரூ இருக்கிறதா என்று முன்பே சொல்லுங்கள், விபத்தில் எலும்பு முறிந்தவர்களுக்கு இது முக்கியம். பெட் என்றால் கதிர்வீச்சு அளவையும், தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பார்களா என்பதையும் கேளுங்கள், பல ட்ரேசர்களுக்கு அப்படி எடுப்பார்கள், வலிக்கும். இந்த ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் மருந்து சாப்பிடாதவர்களைத்தான் தேடுவார்கள். அதற்காக அவர் இப்போது சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் சேர வேண்டும் என்றால் அந்த ஆய்வு வேண்டாம், அவருடைய மருத்துவரே சரி என்று சொன்னால் ஒழிய.